லெ குவினை அவருடைய முதல் நாவலிலிருந்து தொடங்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவினின், ஹெய்ன் கதைகள் என்று அழைக்கப்படும் கதைகள் எல்லாம் ஒரே பிரபஞ்சத்தில் நடக்கின்றன என்று கேள்விப்பட்டு, ஒழுங்காக முதலிலிருந்தே படிப்போம் என்று அவருடைய முதல் நாவலான 'ரோக்கானன்ஸ் வேர்ல்ட்'டை எடுத்திருக்கிறீர்கள். கோட்டை, வாள், பறக்கும் பூனை, குள்ளர்கள் என்று கதை போகிறது. 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' எழுதியவரா இதை எழுதினார் என்று சந்தேகம் வந்துவிட்டது. போதாக்குறைக்கு, பின்னால் வரும் நாவல்களோடு இது ஒத்துப்போகாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாமா என்று கேட்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரு பிரபஞ்சத்தைப் பல நாவல்களுக்கும் பொதுவாக வைப்பவர் அதை முன்பே திட்டம் போட்டுக் கட்டியிருப்பார் அல்லவா, அப்படியானால் அஸ்திவாரம் ஏன் இவ்வளவு தளர்வாக இருக்கிறது என்பதுதான் அது.

திட்டம் எதுவும் இல்லை என்பதுதான் பதில். முதல் நாவலை எழுதியபோது லெ குவினிடம் ஹெய்ன் பிரபஞ்சம் என்று ஒன்று தயாராக இருக்கவில்லை. அந்த நாவலில் எஞ்சிய சில பொருட்களை வைத்து அடுத்ததை எழுதினார், அதில் எஞ்சியதை வைத்து அதற்கடுத்ததை. திரும்பிப் பார்த்தபோது அது ஒரு பிரபஞ்சமாக நின்றது. ஆகவே நாவலைத் தள்ளிவைக்கலாம், தப்பில்லை. ஆனால் அதன் முன்னுரைக் கதையை மட்டும் தயவுசெய்து தள்ளிவைக்காதீர்கள். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கதையின் முடிவுகளையும் சொல்ல வேண்டியிருக்கும், எனவே தெரியாமல் படிக்க விரும்பினால் முன்னுரைக் கதையை முடித்துவிட்டு இங்கே வாருங்கள்.

நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவன். அறிவியல் புனைகதையை விருப்பப் பாடமாகப் பல வருடங்கள் நடத்தியிருக்கிறேன், அதில் லெ குவின் இல்லாத வருடமே கிடையாது. இயற்பியல் எனக்குப் பாடமாகப் படித்த துறை அல்ல. கீழே நான் போடும் ஒரு சின்னக் கணக்கு பள்ளிச் சார்பியல் பாட அளவில்தான் இருக்கும். இலக்கியம் பற்றிச் சொல்லும்போது எது பதிவான செய்தி, எது லெ குவின் தானே சொன்னது, எது என் வாசிப்பு என்று பிரித்துக் காட்ட முயல்கிறேன்.

முதலில் 'பகிரப்பட்ட பிரபஞ்சம்' என்ற சொல். கண்டிப்பாகப் பார்த்தால், பல எழுத்தாளர்கள் சேர்ந்து ஒரே உலகத்துக்குள் எழுதுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஸ்டார் ட்ரெக், டாக்டர் ஹூ நாவல்கள் அந்த வகை. அங்கே உரிமையாளர் ஒருவர், எழுதுபவர்கள் பலர், யார் எதை மாற்றலாம் என்பதற்கு விதிகள் உண்டு. லெ குவினுடையது அது அல்ல, ஒரே ஆள் எழுதியது. பல கதைகளுக்கு ஒரே பின்புலம் என்ற தளர்ந்த பொருளில் மட்டும் அந்தச் சொல் பொருந்தும். இந்த வேறுபாட்டைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பலர் எழுதும் உலகத்தில் முரண்பாடு வந்தால் அது தவறு, யாரோ ஒருவர் திருத்தியாக வேண்டும். ஒருவரே எழுதும்போது முரண்பாடு என்பது பல நேரம் அவர் மனம் மாறியதன் தடம்.

இனி பதிவான செய்திகள். 1964 செப்டம்பரில் 'அமேஸிங் ஸ்டோரீஸ்' இதழில் 'தி டவ்ரி ஆஃப் தி ஆங்யார்' என்று ஒரு சிறுகதை வந்தது. ஆங்யார்களின் சீதனம் என்று தமிழில் சொல்லலாம். இதழாசிரியர் சீல் கோல்ட்ஸ்மித். லெ குவினின் அறிவியல் புனைகதைகளை முதலில் வாங்கி வெளியிட்டவர் அவர்தான். பிறகு அதே சிறுகதையை முன்னுரையாக வைத்து லெ குவின் ஒரு நாவல் எழுதினார். 1966-ல் ஏஸ் நிறுவனம் அதை வெளியிட்டது. தனிப் புத்தகமாக அல்ல. ஏஸ் டபுள் என்று அப்போது ஒரு வகைப் புத்தகம் இருந்தது. இரண்டு குறுநாவல்களை முதுகோடு முதுகு ஒட்டி, ஒன்று நேராகவும் மற்றது தலைகீழாகவும் கட்டியிருப்பார்கள். ஒன்றைப் படித்து முடித்து, புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினால் அடுத்ததற்கு இன்னொரு அட்டை இருக்கும். 'ரோக்கானன்ஸ் வேர்ல்ட்'டுக்குக் கிடைத்த துணை ஏவ்ரம் டேவிட்சனின் 'தி கார்-சீ ரெய்ன்'. விலை 50 சென்ட். அதே ஆண்டிலேயே 'பிளானட் ஆஃப் எக்ஸைல்' இன்னொரு ஏஸ் டபுளில் வந்தது, அடுத்த ஆண்டு 'சிட்டி ஆஃப் இல்யூஷன்ஸ்'. 1969-ல் 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்', 1974-ல் 'தி டிஸ்பொஸஸ்ட்'. இந்தக் கடைசி இரண்டும் அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ, நெபுலா இரு விருதுகளையும் வாங்கின.

முதல் புத்தகத்தின் அளவும் வேகமும் இந்த வடிவத்திலிருந்து வந்தவை என்று நினைக்கிறேன். மலிவுப் பதிப்பு வாசகருக்குப் பயணம், சண்டை, விநோத மிருகங்கள் தேவைப்பட்டன. 36 வயதில் முதல் நாவலைப் பார்த்த லெ குவின், கிடைத்த அந்தச் சின்ன இடத்துக்குள் தனக்குப் பிடித்ததை எல்லாம் போட்டு நிரப்பினார்.

முன்னுரைக் கதை இது. செம்லி ஓர் உயர்குலப் பெண். துர்ஹாலைக் காதலித்து மணந்து ஹல்லன் கோட்டைக்கு வந்தவள். பழைய பெருமையும் புதிய வறுமையும் உள்ள வீடு. வானத்திலிருந்து வந்த நட்சத்திர மனிதர்கள் வரி வசூலிக்கத் தொடங்கிய பிறகு அந்தக் குலங்கள் நொடித்துப்போயிருக்கின்றன. கணவனுக்குச் சீதனம் கொண்டுவரவில்லை என்ற குறை செம்லியை அரிக்கிறது. அவளுடைய முன்னோர்களிடம் 'கடலின் கண்' என்ற நீலக்கல் பதித்த தங்கக் கழுத்தணி ஒன்று இருந்தது, காணாமல் போய்விட்டது. அதைத் தேடி, கைக்குழந்தைப் பருவம் தாண்டாத மகளை உறவினரிடம் விட்டுவிட்டுக் கிளம்புகிறாள். நிலத்தடியில் வாழும் களிமண் மக்களிடம் போய்ச் சேர்கிறாள். அவர்கள் அவளை ஒரு கப்பலில் ஏற்றுகிறார்கள். பயணம் ஒரு நீண்ட இரவுதான் என்கிறார்கள். போய் இறங்கிய இடத்தில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, அதில் அந்த நகை காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே இருக்கும் இரண்டு அதிகாரிகள் அவளுடைய அழகையும் கம்பீரத்தையும் பார்த்துத் திகைத்து நகையைக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் ஒருவர்தான் ரோக்கானன். அவள் சந்தோஷமாகத் திரும்பி வருகிறாள். கோட்டையில் அவளைப் போலவே இருக்கும் ஓர் இளம்பெண் நிற்கிறாள். அது அவளுடைய மகள். கணவன் எப்போதோ போரில் இறந்துவிட்டான். 16 ஆண்டுகள் போய்விட்டன. செம்லி நகையைக் கீழே போட்டுவிட்டுக் காட்டுக்குள் ஓடிவிடுகிறாள்.

களிமண் மக்கள் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவளுக்கு அது ஒரு நீண்ட இரவுதான். ஒளியின் வேகத்தை நெருங்கிப் பறக்கும் கப்பலுக்குள் காலம் மெதுவாக நகரும் என்பது ஐன்ஸ்டைன் 1905-ல் காட்டிய விஷயம். அந்த அருங்காட்சியகம் இருக்கும் கிரகம் எட்டு ஒளியாண்டு தள்ளி. போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் கப்பலுக்குள் ஒரு நாள் என்பது வெளியே சுமார் 2,900 நாள். அதற்குக் கப்பல் ஒளிவேகத்தில் 99.99999 சதவீதத்துக்கும் சற்று மேலே போகவேண்டும். அப்படி ஒரு கப்பலைக் கட்ட முடியுமா என்பது வேறு விஷயம், ஆனால் கணக்கு சரியாக வருகிறது. லெ குவின் கதையில் எங்கும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. செம்லிக்குத் தெரிந்த மொழியிலேயே கதை நகர்கிறது. வாசகருக்குத்தான் புரிந்து வயிற்றைப் பிசைகிறது, அவளுக்குக் கடைசிவரை அது ஒரு சாபம்.

இந்தக் கதையை வகுப்பில் நடத்தும்போது நான் எப்போதும் சார்பியலைத்தான் விளக்குவேன். ஒரு வருடம் ஒரு மாணவி எழுந்து, எல்லோரும் செம்லியைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்த மகளைப் பற்றி யாரும் பேசவில்லையே என்றாள். அவளுடைய அப்பா வளைகுடாவில் வேலை பார்த்தவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார், ஒவ்வொரு முறையும் அவளுக்குச் சின்னதாகிவிட்ட அளவில் சட்டை வாங்கிவருவார். அப்பாவின் மனதில் நான் எப்போதும் முந்தைய விடுமுறை வயதிலேயே இருந்தேன் என்றாள். அதற்குப் பிறகு நான் அந்தக் கதையைச் சொல்லிக்கொடுக்கும் விதமே மாறிவிட்டது. தூரத்துக்கு ஒரு விலை உண்டு, போனவர் மட்டும் அதைக் கொடுப்பதில்லை என்பதுதான் கதை. ஹெய்ன் கதைகள் முழுக்க ஓடும் விஷயமும் அதுதான்.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே ரேவதியின் கதை நினைவுக்கு வரும். பாகவதத்தில் ககுத்மி மன்னன் மகளுக்கு மாப்பிள்ளை கேட்கப் பிரம்மலோகம் போவான். கச்சேரி முடியட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருப்பான். திரும்ப நினைக்கும்போது பூமியில் யுகங்கள் போயிருக்கும். லெ குவினுக்கு இந்தக் கதை தெரியும் என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை, அவருடைய ஊற்று வேறு. சிறுவயதில் வாசித்த வடக்கு ஐரோப்பியப் புராணங்களிலிருந்துதான் இது வருகிறது. அங்கே ஃப்ரேயா என்ற தேவி, நிலத்தடிக் குள்ளர்கள் செய்த பிரிசிங்காமென் என்ற கழுத்தணிக்காகப் போவாள். அந்தத் தொடர்பை லெ குவினே பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்தப் பழைய கதையை எடுத்து, மாயம் இருந்த இடத்தில் இயற்பியலை வைத்தார். இரண்டும் ஒட்டிய தையல் தெரியாமல் உட்கார்ந்துவிட்டது, அதனால்தான் சிறுகதை இன்றும் நிற்கிறது.

நாவலுக்கு வருவோம். ரோக்கானன் ஓர் இனவரைவியலாளர். அந்தப் பெண்ணை மறக்க முடியாமல், அவளுடைய கிரகத்தைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது, தெரியாத இடத்தில் வரி வாங்குவதை நிறுத்துங்கள் என்று தடை வாங்கிவிட்டு, ஆய்வுக் குழுவோடு அங்கே வருகிறார். அந்தக் கிரகம் ஃபோமல்ஹாட் என்ற விண்மீனைச் சுற்றுவது. விண்மீன் நிஜம்தான், நம்மிடமிருந்து சுமார் 25 ஒளியாண்டு. வந்த இடத்தில் அவருடைய கப்பல் குண்டு வைத்து அழிக்கப்படுகிறது, தோழர்கள் எல்லோரும் இறக்கிறார்கள். ரோக்கானன் சார்ந்த உலகங்களின் கூட்டமைப்புக்கு எதிராகக் கிளம்பிய ஃபாரடே என்ற கிரகத்தினர் அங்கே ரகசியமாகத் தளம் அமைத்திருக்கிறார்கள். இதைத் தன் மக்களுக்குச் சொல்ல ரோக்கானனிடம் கருவி இல்லை. அந்தக் கருவி எதிரியின் தளத்தில்தான் இருக்கிறது. செம்லியின் பேரன் மோகியனோடும் இன்னும் சிலரோடும் பறக்கும் மிருகங்களில் ஏறித் தெற்கே போகிறார். கிளம்பும்போது செம்லியின் மகள் அதே கழுத்தணியை அவர் கையில் கொடுத்தனுப்புகிறாள். ரோக்கானன் நட்ட நடு வயதில் இருக்கிறார். பாட்டியை இளம்பெண்ணாகப் பார்த்தவர் பேரனோடு சவாரி போகிறார். கதை இதைப் பெரிதாக்கிக் காட்டுவதில்லை, ஆனால் முழு நாவலிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அந்தக் கருவியின் பெயர் ஆன்சிபிள். எவ்வளவு தூரம் இருந்தாலும் செய்தி நொடிகூடத் தாமதிக்காமல் போய்ச் சேரும். ஆக இந்த முதல் நாவலில் மூன்று விதிகள் இருக்கின்றன. உயிருள்ள உடல் ஒளியைவிட மெதுவாகத்தான் போகமுடியும், போனால் திரும்பி வரும்போது தெரிந்தவர்கள் இறந்திருப்பார்கள். சொல் உடனே போய்விடும். ஆளில்லாத கப்பலும் ஒளியை மிஞ்சிப் போகும், அதில் குண்டு அனுப்பலாம். ரோக்கானன் எதிரித் தளத்துக்குள் நுழைந்து ஆன்சிபிளில் இடத்தின் ஆயத்தொலைகளை அனுப்புகிறார். கொஞ்ச நேரத்தில் தளம் இருந்த இடமே இல்லாமல் போகிறது. அதற்கு முன்பே மலையில் ஒரு பழைய உயிரிடமிருந்து பிறர் மனதைக் கேட்கும் ஆற்றலை வாங்கியிருக்கிறார், அதற்கு விலை மோகியனின் உயிர். எனவே தளத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவரும் சாவதை அவர் தன் மனதுக்குள்ளேயே கேட்கவேண்டியதாகிறது. செய்தி உடனே போய்விட்டது, குண்டும் வந்துவிட்டது. ஆனால் அவரை அழைத்துப்போக ஆட்கள் வர எட்டு ஆண்டுகள் ஆகும். அவர்கள் வந்து இறங்கும்போது அவர் உயிரோடு இல்லை. அந்த உலகத்துக்குத் தன் பெயரை வைத்திருக்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியாது.

பின்னால் வந்த நாவல்களில் லெ குவின் இந்த மூன்று விதிகளில் முதல் இரண்டையும் பிடித்துக்கொண்டார். மூன்றாவதை, அதாவது ஒளியை மிஞ்சிப் போகும் குண்டுக் கப்பலை, மெல்ல மறந்தார். எந்த இடத்திலும் அது தவறு என்று அறிவிக்கவில்லை, அதற்குப் பின் அதற்கு வேலை வரவில்லை, அவ்வளவுதான். ஆன்சிபிளை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். முதல் நாவலில் அது குண்டு போடச் சொல்லும் கருவி. 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்'ஸில் கெதன் என்ற பனி உலகத்துக்கு ஜென்லி ஐ என்ற தூதர் தன்னந்தனியாக, ஆயுதம் இல்லாமல், கையில் ஆன்சிபிளோடு வருகிறார். வானத்தில் நீங்கள் தனியாக இல்லை என்று காட்டுவதுதான் அதன் வேலை. 'தி டிஸ்பொஸஸ்ட்'டில் ஷெவெக் என்ற இயற்பியலாளர் அதற்கு அடிப்படையான கோட்பாட்டைக் கண்டுபிடித்து, எந்த அரசும் அதைச் சொந்தமாக்கிக்கொள்ளக் கூடாது என்று எல்லா உலகங்களுக்கும் ஒரே நேரத்தில் கொடுத்துவிடுகிறார். எட்டு ஆண்டுகளுக்குள் ஒரே கருவிக்கு நடந்த மாற்றம் இது.

அரசும் அப்படித்தான். முதல் நாவலில் இருப்பது உலகங்களின் கூட்டமைப்பு. எங்கோ இருந்து வரப்போகும் ஒரு பெரும் போருக்குத் தயாராக, கைக்கு எட்டிய கிரகங்களில் எல்லாம் வரி வாங்குகிறது. அதிகம் யோசிக்காமல் களிமண் மக்களைத் தேர்ந்தெடுத்து அவர்களுக்கு மட்டும் தொழில்நுட்பம் கொடுத்து வளர்த்துவிடுகிறது. ரோக்கானனுக்கு இதில் குற்றவுணர்வு இருக்கிறது. 1969-க்கு வரும்போது அந்தக் கூட்டமைப்பு போய், எகுமென் என்ற இன்னொன்று இருக்கிறது. அது ஆட்சி செய்வதில்லை, ஆள் அனுப்பிக் காத்திருக்கிறது. முதல் நாவலில் ஒரு கதாபாத்திரத்தின் உறுத்தலாக இருந்தது நான்காவதில் ஓர் அரசியல் அமைப்பாகவே மாறிவிட்டது என்பது என் வாசிப்பு.

மனப்பேச்சு வேறு வழியில் போனது. முதல் நாவலில் ரோக்கானன் உயிர்விலை கொடுத்து வாங்கிய அந்த ஆற்றல் அடுத்த மூன்று நாவல்களிலும் தொடர்கிறது. 'சிட்டி ஆஃப் இல்யூஷன்ஸ்'ஸில் அதைக் கொண்டே பொய் சொல்லும் ஓர் இனம் வந்து பூமியைப் பிடிக்கிறது. ஜென்லி ஐயும் அதைத் தன் நண்பனுக்குக் கற்றுக்கொடுக்கிறான். அதற்குப் பின் எழுதியவற்றில் அது காணாமல் போகிறது. உங்களிடம் யாரோ முரண்பாடு என்று சொன்னது பெரும்பாலும் இதைத்தான் குறித்திருக்கும். என் அபிப்பிராயம், மனதை நேரடியாகப் படிக்க முடிந்தால் இரண்டு பேர் கஷ்டப்பட்டு ஒருவரையொருவர் புரிந்துகொள்ளும் கதையை எழுத முடியாது. அந்தக் கதைதான் அவர் மேலும் மேலும் எழுத விரும்பியது. அதனால் அதை விட்டார்.

வரிசை பற்றி லெ குவின் பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இவை ஒரு தொடர் அல்ல, ஒத்திசைவான ஒரு வரலாறும் அல்ல, சில இணைப்புகள் தெளிவாக இருக்கின்றன, சில மிகவும் கலங்கலாக இருக்கின்றன என்பதே அவர் சொன்னதன் சாரம். வாசகர்கள் போட்டுவைத்திருக்கும் காலவரிசை அட்டவணைகளைப் பார்த்திருப்பீர்கள். 'தி டிஸ்பொஸஸ்ட்' முதலில் நடக்கிறது என்பது உறுதி, ஏனென்றால் ஆன்சிபிள் இன்னும் பிறக்கவில்லை. முதல் மூன்று நாவல்களுக்குப் பிறகு 'லெஃப்ட் ஹேண்ட்' என்பதும் ஏறக்குறைய உறுதி. அதற்கப்பால் எந்த ஆண்டில் எது என்று போடுவதெல்லாம் வாசகர்களின் ஊகம். அந்த அட்டவணைகளைப் பார்த்துப் படிக்க வேண்டாம் என்பேன்.

தன் முதல் நாவலிடம் அவர் கனிவாக இருந்ததும் இல்லை. 1977-ல் வந்த பதிப்புக்கு ஓர் அறிமுகம் எழுதினார். அறிவியல் புனைகதையையும் மாயக்கதையையும் சேர்த்துக் குழைத்துவிட்டேன், சிவப்பு வேண்டுமா நீலம் வேண்டுமா என்று முடிவு செய்யவேண்டும், இரண்டையும் கலந்தால் ஊதாதான் வரும் என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறார். ரோக்கானன் அணியும் காப்புடை ஒன்று நாவலில் வரும். தீ, குண்டு, வாள் எதுவும் அதைத் துளைக்காது. அவரைக் கட்டிவைத்து எரிக்கும்போது அதுதான் காப்பாற்றுகிறது. அதைப் போட்டவர் ஐந்து நிமிடத்தில் மூச்சுமுட்டிச் செத்துப்போவார் என்று லெ குவினே அந்த அறிமுகத்தில் சொல்லிவிடுகிறார். அவர் சொன்ன குறைகளில் இது நியாயமானது. ஊதா பற்றி மட்டும் அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த நிறம் முன்னுரைக் கதையில் அவ்வளவு அழகாக இருக்கிறது.

இப்போது ஊகம் என்று சொல்லித்தான் ஒன்றைச் சொல்லப்போகிறேன். லெ குவினின் தந்தை ஆல்ஃப்ரட் குரோபர், அமெரிக்க மானுடவியலின் முன்னோடிகளில் ஒருவர், கலிஃபோர்னியாவின் பூர்வகுடிகளிடையே வேலை செய்தவர். 1911-ல் யாஹி இனத்தின் கடைசி மனிதர் காட்டிலிருந்து வெளியே வந்தார். தன் பெயரை அவர் சொல்லவில்லை. அவருடைய மொழியில் மனிதன் என்று பொருள்படும் இஷி என்ற சொல்லை வைத்துக் குரோபர் அவரை அழைத்தார். மீதி வாழ்க்கையை இஷி சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓர் அருங்காட்சியகத்தில்தான் கழித்தார், 1916-ல் காசநோயில் இறந்தார். லெ குவின் பிறந்தது 1929-ல், எனவே அவர் இஷியைப் பார்த்ததில்லை. அவருடைய தாய் தியோடோரா குரோபர் இஷியைப் பற்றி எழுதிய புத்தகம் 1961-ல் வந்தது. மூன்று ஆண்டு கழித்து மகள் எழுதிய கதையில், தன் உலகத்தை விட்டு ஒரு பெண் அருங்காட்சியகத்துக்கு வருகிறாள், கண்ணாடிக்குப் பின்னால் தன் வீட்டு நகையைப் பார்க்கிறாள். எதிரே நிற்கும் நல்ல மனம் கொண்ட ஆய்வாளர், தனக்குப் புரியாத ஒரு துயரக் கதையின் ஓரத்தில் தடுக்கி நுழைந்துவிட்டதாக உணர்கிறார். இதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் அந்தப் பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இஷிதான் நினைவுக்கு வருகிறார். ஆய்வாளர் கேட்டவுடன் நகையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார் என்பதும், கொடுத்தும் பயனில்லாமல் போகிறது என்பதும் வேறு மாதிரி ஒலிக்கின்றன.

'பகிரப்பட்ட' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளில் இந்த நாவல் தகுதியானது. லெ குவினின் பிரபஞ்சத்தை வேறு யாரும் எழுதவில்லை, ஆனால் ஆன்சிபிள் என்ற சொல் அவரை விட்டு வெளியே போய்விட்டது. ஆர்சன் ஸ்காட் கார்ட் 1985-ல் 'எண்டர்ஸ் கேம்' நாவலில் அதே பெயரை வைத்தார். பழைய புத்தகம் ஒன்றிலிருந்து யாரோ தோண்டி எடுத்த பெயர் என்று அவருடைய பாத்திரமே அதில் சொல்கிறது. பிறகு வேறு பல எழுத்தாளர்களும் எடுத்துக்கொண்டார்கள். 50 சென்ட் புத்தகத்தில் பிறந்த ஒரு சொல் ஒரு துறையின் பொதுச்சொத்து ஆகிவிட்டது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? முன்னுரைக் கதையை மட்டும் இப்போதே ஒரே உட்காரலில் படியுங்கள். 'செம்லிஸ் நெக்லஸ்' என்ற பெயரில் தனியாகவும் கிடைக்கும். படித்துவிட்டு நாவலை மூடிவைத்துவிடுங்கள். அடுத்து 'லெஃப்ட் ஹேண்ட்', அதற்குப் பின் 'டிஸ்பொஸஸ்ட்'. இரண்டையும் முடித்த பிறகு 'ரோக்கானன்'னுக்குத் திரும்புங்கள். அப்போது பறக்கும் பூனைகள் உங்களைத் தொந்தரவு செய்யாது. எதிரித் தளத்தில் ஆன்சிபிளின் முன்னால் அவர் உட்காரும் இடத்தில், அந்தக் கருவி பின்னால் என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தவராக நீங்கள் இருப்பீர்கள். நடுவில் உள்ள இரண்டு நாவல்களையும் அதற்கப்புறம் விருப்பப்பட்டால் படிக்கலாம். எனக்கு 'பிளானட் ஆஃப் எக்ஸைல்' பிடிக்கும், மற்றதில் முதல் பாதி மட்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகு 1994-ல் வந்த 'எ ஃபிஷர்மேன் ஆஃப் தி இன்லேண்ட் ஸீ' தொகுப்பின் கடைசிக் கதையைத் தேடுங்கள். உரஷிமா என்ற ஜப்பானிய மீனவன் கடலுக்கடியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வீடு திரும்பும்போது மிக நீண்ட காலம் போயிருக்கும் பழைய கதையை ஹிடியோ என்ற பையனுக்கு அவன் அம்மா சொல்வாள். அவன் வளர்ந்து இயற்பியல் படிக்கத் தொலைவில் உள்ள கிரகத்துக்குப் போவான். ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் எல்லோருக்கும் வயது ஏறியிருக்கும், அவன் காதலித்த பெண்ணும் வேறொருவரை மணந்திருப்பாள். அவன் உழைத்துக்கொண்டிருக்கும் ஆய்வில் ஒருநாள் ஏதோ பிசகி, பதினெட்டு ஆண்டுகள் பின்னால் போய், தன் வீட்டு வாசலிலேயே வந்து இறங்குவான். அவள் அங்கே இருப்பாள். செம்லிக்குத் தராததை முப்பது வருடம் கழித்து அவனுக்குத் தந்திருக்கிறார்.